மலையும் மழையும் வரைந்த தடம்

2020 ஆகஸ்ட் மாதம், பெல்ஜியம் கிராண்ட் பிரீ பந்தயத்தின் தகுதிச் சுற்று. ஸ்பா-ஃப்ராங்கோர்ஷாம் தடத்தின் 7.004 கிலோமீட்டரை லூயிஸ் ஹாமில்டன் 1 நிமிடம் 41.252 வினாடிகளில் சுற்றி முடித்தார். சராசரி வேகம் மணிக்கு 249 கிலோமீட்டர். தடத்தின் இன்றைய வடிவில் அதுவரை யாரும் அவ்வளவு வேகமாகச் சுற்றியதில்லை.

ஆனால் அதற்கு 47 ஆண்டுகளுக்கு முன்பே, 1973-ல், இதே ஆர்டென் மலைக்காட்டில், இதே பெயர் கொண்ட தடத்தில், ஹென்றி பெஸ்கரோலோ என்ற பிரெஞ்சு ஓட்டுநர் மாத்ரா ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு சுற்றை மணிக்கு 262 கிலோமீட்டர் சராசரியில் முடித்திருந்தார். ஹாமில்டனுக்குக் கிடைத்த ஹைப்ரிட் எஞ்சினும் கார்பன் ஃபைபர் உடலும் கணினி உதவியும் பெஸ்கரோலோவுக்குக் கிடையாது. அரை நூற்றாண்டு பொறியியல் வளர்ச்சிக்குப் பிறகும் சராசரி வேகம் குறைந்திருக்கிறது.

விடை காரில் இல்லை, சாலையில் இருக்கிறது. பெஸ்கரோலோ ஓட்டியது 14.1 கிலோமீட்டர் நீளமுள்ள பொதுச்சாலை. வீடுகள், மரங்கள், தந்திக் கம்பங்கள், மாட்டுப் பண்ணைகள் நடுவே வளைந்தோடிய நாட்டுச்சாலை. கார்கள் முன்னேற முன்னேற, அந்தச் சாலை பின்வாங்க வேண்டியதாயிற்று. ஒரு பந்தயத் தடம் எப்படி உருவாகிறது, எப்படித் திருத்தப்படுகிறது, ஒவ்வொரு திருத்தத்துக்கும் என்ன விலை கொடுக்கப்பட்டது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் ஸ்பாவை விடச் சிறந்த இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தத் தடத்தை 1920-ல் முதலில் யோசித்தவர்களில் முக்கியமானவர் ஜூல் த தியே. லியேஜ் நகரிலிருந்து வந்த லா மியூஸ் நாளிதழின் உரிமையாளர். பெல்ஜியம் மோட்டார் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி லாங்லுவா வான் ஓஃபெம் அவருடன் சேர்ந்துகொண்டார். புதிதாக ஒரு அடி சாலைகூட அவர்கள் போடவில்லை. ஃப்ராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்தாவ்லோ ஆகிய மூன்று ஊர்களை இணைத்து ஏற்கெனவே இருந்த சாலைகளை ஒரு முக்கோணமாகப் பார்த்தார்கள். அவ்வளவுதான். சுமார் 15 கிலோமீட்டர் சுற்று தயாராகிவிட்டது.

இதில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. இந்த முக்கோணத்தை ஓராண்டுக்கு முன்பு வரைந்திருக்கவே முடியாது. மால்மெடி அதுவரை ஜெர்மனியின் பிரஷ்ய நிலம். முதல் உலகப் போர் முடிந்து, வெர்சாய் ஒப்பந்தம் 1920 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது பெல்ஜியத்தின் கைக்கு வந்தது. மலையிலிருந்து இறங்கிவரும் ஓ ரூஜ் என்ற சிறு ஓடை பழைய எல்லைக்கோட்டின் ஒரு பகுதி. அதன் கரையில் சுங்கச்சாவடி இருந்தது. போர் முடிந்து இரண்டாண்டுகூட ஆகாத நிலையில், எல்லையும் சாவடியும் செல்லாமல் போன அந்தச் சாலையில்தான் பந்தயத்துக்கு வழி வகுத்தார்கள். சாவடி இருந்த இடத்தில் தடம் ஒரு கொண்டை ஊசி வளைவாகத் திரும்பியது.

ஓடைக்குச் செந்நிறம் கொடுப்பதும் அதே மலைதான். மேலே இருக்கும் உயர் ஃபாஞ்ஞ் பீடபூமி முழுக்க மக்கிய தாவரங்கள் அடர்ந்த சதுப்பு. அமிலத்தன்மையுள்ள அந்த நீர் மண்ணிலும் பாறையிலும் உள்ள இரும்பைக் கரைத்துக்கொண்டு வரும். காற்றோடு சேர்ந்ததும் இரும்பு துருவாகிக் கற்களில் செம்மையாகப் படியும். பக்கத்து ஊரான ஸ்பா பல நூற்றாண்டுகளாக நோயாளிகளை இழுத்ததும் இப்படிப்பட்ட இரும்புச்சத்து நீரூற்றுகளை வைத்துத்தான்.

1921-ல் நடக்கவிருந்த முதல் கார் பந்தயத்துக்கு ஒரே ஒருவர்தான் பெயர் கொடுத்தார். கார் பந்தயம் கைவிடப்பட்டு, மோட்டார் சைக்கிள்கள்தான் முதலில் ஓடின. அடுத்த ஆண்டு கார்களும் வந்தன. 1924-ல் 24 மணி நேரப் பந்தயம் தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. 1925-ல் முதல் கிராண்ட் பிரீ. ஆல்ஃபா ரோமியோ காரில் அந்தோனியோ அஸ்காரி வென்றார். 800 கிலோமீட்டர் ஓட்டம், ஆறரை மணி நேரத்துக்கும் மேல், சராசரி வேகம் மணிக்கு சுமார் 120 கிலோமீட்டர். பந்தயத்தை முழுமையாக முடித்த கார்கள் இரண்டே இரண்டு.

அந்த 120 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த சில பத்தாண்டுகளில் அமைப்பாளர்கள் செய்த வேலை இன்றைய கண்ணுக்கு விசித்திரமாகத் தெரியும். தடத்தை அவர்கள் வேண்டுமென்றே வேகமாக்கினார்கள். ஐரோப்பாவின் மிக வேகமான சாலைத் தடம் என்ற பெயருக்காக, காரைத் தாமதப்படுத்திய வளைவுகளை ஒவ்வொன்றாகக் களைந்தார்கள். 1939-ல் சுங்கச்சாவடிக் கொண்டை ஊசி வளைவைத் தவிர்த்து, ஓடையிலிருந்து நேராக மலை ஏறும் குறுக்குவழி போடப்பட்டது. அதுதான் இன்று உலகம் முழுக்கத் தெரிந்த ரைடியோன் ஏற்றம். ஸ்தாவ்லோவிலும் ஊருக்குள் நுழைந்து திரும்பும் கூர்வளைவு கைவிடப்பட்டு, ஊருக்கு வெளியே அகன்ற, சாய்வான வளைவு வந்தது.

இடையில் போர் வந்தது. 1944 டிசம்பரில் இந்த மலைக்காடே போர்க்களம். ஸ்தாவ்லோவிலிருந்து ஃப்ராங்கோர்ஷாம் போகும் சாலையோரம் அமெரிக்கப் படை ஆயிரக்கணக்கான எரிபொருள் கேன்களை அடுக்கி வைத்திருந்தது. ஜெர்மன் டாங்கிகள் ஏறி வந்தபோது அவற்றையே கொளுத்தி வழியை அடைத்தார்கள். போர் ஓய்ந்தபின் பந்தயம் மறுபடி தொடங்கியது. கார்கள் முன்பைவிட வேகமாக வந்தன. சாலையோரம் மட்டும் அப்படியே இருந்தது.

இங்கேதான் பள்ளிக்கூட இயற்பியல் வருகிறது. ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. அஸ்காரியின் 120 கிலோமீட்டர் 1973-ல் 262 ஆனபோது, ஒவ்வொரு கிலோ எடையும் சுமந்த ஆற்றல் ஏறக்குறைய ஐந்து மடங்காகிவிட்டது. ஒரு கார் தன் எடைக்குச் சமமான விசையோடு பிரேக் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். 120 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 57 மீட்டரில் நின்றுவிடும். 262-ல் போனால் 270 மீட்டர் வேண்டும். ஆனால் 1925-ல் சாலையிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நின்ற மரம், 1965-லும் அதே இரண்டு மூன்று அடியில்தான் நின்றது. காரின் வேகத்தை மனிதர்கள் ஐந்து மடங்கு ஆபத்தாக்கினார்கள். மரத்தைத் தள்ளி வைக்க யாரும் யோசிக்கவில்லை.

இந்தப் பழைய தடத்தில் மிகவும் பயமுறுத்திய இடம் ரைடியோன் அல்ல, மாஸ்தா. மால்மெடியிலிருந்து ஸ்தாவ்லோ போகும் வழியில் இரண்டு நீண்ட நேர்ச்சாலைகள். அவற்றுக்கு நடுவே, குடியிருப்பு வீடுகளை ஒட்டி, இடமும் வலமுமாக ஒரு சின்ன முறுக்கு. நேர்ச்சாலையில் முழு வேகம் எடுத்து வரும் கார், பிரேக்கைத் தொடாமல் வீடுகளுக்கு இடையே புகுந்து போக வேண்டும். அங்கே காலைத் தளர்த்தினால் அடுத்த நேர்ச்சாலை முழுக்க வேகம் குறையும். தளர்த்தாமல் போனால் ஒரு கையகலத் தவறுக்கும் இடமில்லை.

1960-ஆம் ஆண்டு பெல்ஜியம் கிராண்ட் பிரீ வார இறுதியைப் பந்தய உலகம் இன்றும் மறக்கவில்லை. பயிற்சியில் ஸ்டர்லிங் மாஸும் மைக் டெய்லரும் தனித்தனி விபத்துகளில் படுகாயமடைந்தார்கள். பந்தயத்தில் கிறிஸ் பிரிஸ்டோ, ஆலன் ஸ்டேசி என்ற இரு இளைஞர்கள் சில நிமிட இடைவெளியில் இறந்தார்கள். ஸ்டேசியின் முகத்தில் ஒரு பறவை மோதியது. அன்று அதே தடத்தில் ஓட்டிக்கொண்டிருந்த ஜிம் கிளார்க், பிற்பாடு 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் இங்கே வென்றார். அத்தனை வெற்றிக்குப் பிறகும் ஸ்பாவைத் தனக்குப் பிடிக்காது என்பதை அவர் மறைத்ததில்லை. நான்கு முறை வென்றவருக்கே பிடிக்காத தடம் என்றால், அந்தச் சொல்லை எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

திருப்பம் 1966-ல் வந்தது. காய்ந்த சாலையில் பந்தயம் தொடங்கியது. முதல் சுற்றிலேயே, மலையின் மறுபக்கத்தில், கார்கள் கொட்டும் மழைக்குள் புகுந்தன. தொடக்கக் கோட்டில் இருந்த யாருக்கும் அங்கே மழை பெய்வது தெரியாது. சுற்று முடிவதற்குள் பாதிக் கார்கள் வழுக்கித் தடத்தைவிட்டுப் போய்விட்டன. ஜாக்கி ஸ்டூவர்ட்டின் பி.ஆர்.எம். கார் மாஸ்தா அருகே 260 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் தடம் விலகி, கம்பத்தில் மோதி, ஒரு பண்ணைக் கட்டடத்தின் பக்கத்தில் நசுங்கிக் கிடந்தது. எரிபொருள் தொட்டி உடைந்து பெட்ரோல் அவர் மேல் கொட்டியது. ஸ்டியரிங் அவரை இருக்கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஒரு தீப்பொறி போதும். அந்த நிலையில் சுமார் 25 நிமிடம்.

உதவிக்கு ஊழியர்கள் யாரும் வரவில்லை. கார் கழற்றும் கருவிகளும் அங்கே கிடையாது. பக்கத்திலேயே தடம் விலகியிருந்த சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரான்ட்டும், ஒரு பார்வையாளரிடமிருந்து ஸ்பானர் வாங்கி, ஸ்டியரிங்கைக் கழற்றி அவரை வெளியே இழுத்தார்கள். பிறகு லியேஜ் மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஆம்புலன்ஸ் வழி தவறியது.

உயிர் பிழைத்த ஸ்டூவர்ட் அன்றிலிருந்து தன் காரில் ஒரு ஸ்பானரைக் கட்டி வைத்துக்கொண்டே ஓட்டினார். அதோடு நிற்கவில்லை. சீட் பெல்ட், முகம் மறைக்கும் ஹெல்மெட், தடுப்பு வேலிகள், முறையான மருத்துவ வசதி ஆகியவற்றுக்காக அவர் நடத்திய இயக்கம்தான் கார் பந்தயத்தின் முகத்தை மாற்றியது. கோழை என்று ஏசியவர்கள் இருந்தார்கள். மூன்று முறை உலகச் சாம்பியனான ஒருவரை அப்படிச் சொன்னவர்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை.

ஓட்டுநர்கள் கேட்ட பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்ய அமைப்பாளர்கள் மறுத்ததால் 1969-ல் பெல்ஜியம் கிராண்ட் பிரீயே நடக்கவில்லை. அடுத்த ஆண்டு சில தடுப்பு வேலிகளோடு நடந்தது. மெக்சிகோவின் பெட்ரோ ரோட்ரிகஸ் மணிக்கு 241 கிலோமீட்டர் சராசரியில் வென்றார். பழைய ஸ்பாவில் நடந்த கடைசி ஃபார்முலா 1 பந்தயம் அது. 14 கிலோமீட்டர் நாட்டுச்சாலையின் இரு பக்கமும் பாதுகாப்பாக்குவது எந்த அமைப்பாலும் முடியாத காரியம் என்று புரிந்துபோனது. பந்தயம் நிவெல், சோல்டர் என்று வேறு தடங்களுக்குப் போனது.

ஸ்பாவின் கதை அங்கேயே முடிந்திருக்கலாம். 1979-ல் அதற்கு மறுவாழ்வு கொடுத்தவர்கள் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தார்கள். பழைய முக்கோணத்தின் கீழ்ப்பகுதியை, அதாவது மால்மெடி, மாஸ்தா, ஸ்தாவ்லோ பக்கத்தை முழுவதுமாக வெட்டினார்கள். மேட்டின் உச்சியில் லே கோம்ப் என்ற இடத்தில் புதுச் சாலை பிரிந்து, காட்டுச் சரிவில் இறங்கி, பூவோன் என்ற நீண்ட இடது வளைவைக் கடந்து, மீண்டும் பழைய சாலையில் சேர்ந்தது. சுற்று சுமார் 7 கிலோமீட்டராகச் சுருங்கியது. ஆனால் லா சூர்ஸ் கொண்டை ஊசி, ஓ ரூஜ், ரைடியோன், பிளாஞ்சிமோன் எல்லாம் அப்படியே மிஞ்சின. புதுப் பகுதியும் மலையின் சரிவை மதித்தே போடப்பட்டதால், எது பழசு எது புதுசு என்று முதல்முறை பார்ப்பவருக்குத் தெரியாது. தடத்தின் மிக உயர்ந்த இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் இடையே சுமார் 100 மீட்டர் வித்தியாசம். சமதரையில் கணினியில் வரைந்த இன்றைய தடங்கள் பலவற்றுக்கு இந்த வரம் கிடைக்கவில்லை. 1983-ல் ஃபார்முலா 1 திரும்பி வந்தது.

இனி ரைடியோனைப் பார்ப்போம். லா சூர்ஸ் வளைவிலிருந்து சரிவில் இறங்கும் கார், ஓடைக்கு மேலே உள்ள பாலத்தருகே லேசாக இடப்பக்கம் திரும்பும். உடனே வலப்பக்கம் திரும்பியபடி ஏறத் தொடங்கும். உச்சியில் மீண்டும் இடப்பக்கம். ஏற்றத்தின் செங்குத்தான பகுதி 17 சதவீதத்துக்கும் மேல். நவீன ஃபார்முலா 1 கார் உலர்ந்த சாலையில் இங்கே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுப்பதேயில்லை. மணிக்கு 300 கிலோமீட்டரை நெருங்கிய வேகம்.

ஊஞ்சல் கீழே வரும்போது உடல் கனப்பதையும் உச்சியில் வயிறு இலேசாவதையும் நாம் எல்லோரும் உணர்ந்திருக்கிறோம். இங்கே அதே விசைதான், பல மடங்காக. பள்ளத்தில் கார் தரையோடு அழுந்துகிறது. டயருக்குப் பிடிமானம் அள்ளிக் கொடுக்கிறது. ஓட்டுநரின் நம்பிக்கை கூடும் அந்தக் கணத்துக்கு அடுத்த கணமே மேட்டின் உச்சி வருகிறது. சாலை காலடியிலிருந்து நழுவிக் கீழே வளைவதால் டயர் மீதுள்ள சுமை குறைகிறது. பிடிமானமும் அதோடு குறைகிறது. அதே வேளையில் கார் திரும்பவும் வேண்டும். உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதும் தெரியாது. வினாடிக்கு 80 மீட்டர் கடந்துகொண்டிருக்கும் ஒருவர், பார்வைக்கு எட்டாத சாலையை நினைவை வைத்து ஓட்டுகிறார். 1999 தகுதிச் சுற்றில் ஒரே அணியைச் சேர்ந்த ஜாக் வில்னேவும் ரிக்கார்டோ சோன்டாவும் அடுத்தடுத்து இந்த ஏற்றத்தில் கட்டுப்பாட்டை இழந்து கார்களைச் சிதறடித்தார்கள். இருவரும் காயமின்றி நடந்து வெளியே வந்தார்கள். 1985-ல் இதே இடத்தில் ஜாக்கி இக்ஸை முந்த முயன்ற ஜெர்மனியின் ஸ்டெஃபான் பெல்லோஃப் பிழைக்கவில்லை.

இவ்வளவு வேகத்தில் கார் தரையில் ஒட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம் காற்று. ஒரு கணக்கு: 100 மீட்டர் ஆரமுள்ள வளைவு, காரின் எடைக்குச் சமமான பிடிமானம் என்றால், சாதாரண கார் மணிக்கு சுமார் 113 கிலோமீட்டர் வரைதான் அங்கே திரும்ப முடியும். இறக்கைகளும் தரைத்தட்டும் காற்றை வளைத்து, காரின் எடையைப்போல் இன்னும் இரண்டு பங்கு அழுத்தத்தைக் கீழ்நோக்கிக் கொடுத்தால், அதே வளைவில் 195 கிலோமீட்டரில் திரும்பலாம். இந்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் விலை காற்றுத்தடை. நேர்ச்சாலையில் இறக்கை காரைப் பின்னுக்கு இழுக்கும்.

ஸ்பாவில் இந்தப் பேரம் மிகக் கடினம். சுற்றின் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் நீண்ட ஓட்டம். சின்ன இறக்கை வேண்டும். நடுப்பகுதி முழுக்க வளைவு. பெரிய இறக்கை வேண்டும். ஒரே காரில் இரண்டும் முடியாது. 2009-ல் இந்திய உரிமத்தில் ஓடிய ஃபோர்ஸ் இந்தியா அணி இந்தப் பேரத்தைச் சரியாக முடித்தது. காற்றுத்தடை குறைந்த அவர்களுடைய கார் இந்தத் தடத்துக்கென்றே செய்ததுபோல் ஓடியது. அதுவரை ஒரு புள்ளிகூட எடுக்காத அந்த அணிக்காக ஜியான்கார்லோ ஃபிசிகெல்லா முதலிடத்திலிருந்து தொடங்கி, கிமி ராய்க்கொனனுக்கு ஒரு வினாடிக்கும் குறைவான இடைவெளியில் இரண்டாவதாக முடித்தார். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-லும் 2012-லும் இங்கே ஓட்டியிருக்கிறார். அவருக்கு வாய்த்த கார்கள் அப்படிப்பட்டவை அல்ல.

சாலையின் மேற்பரப்பும் தனிக் கதைதான். 1979-ல் புதுத் தடத்தில் மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்தபோது கென்னி ராபர்ட்ஸ், விர்ஜினியோ ஃபெராரி உள்ளிட்ட முன்னணி வீரர்கள் ஓட்ட மறுத்தார்கள். தார் போட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. எண்ணெய் கசிந்து சாலை வழுக்கியது. அந்தப் பாடம் கற்கப்படவில்லை. 1985-ல் மழையிலும் நல்ல பிடிமானம் தரும் புதுவகைத் தார்ப்பரப்பைப் பந்தயத்துக்கு மிக நெருக்கத்தில் போட்டு முடித்தார்கள். வெயில் அடித்தது. பயிற்சியிலேயே டயர்கள் சாலையைப் பிய்த்து எடுத்தன. ஜூன் மாதம் நடக்க வேண்டிய பந்தயத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். அப்போது அயர்ட்டன் சென்னா வென்றார்.

தார்ச்சாலை ஆறிவிட்டால் முதிர்ந்துவிட்டது என்று பொருளில்லை. ஜல்லியைப் பிணைக்கும் தாரிலுள்ள இலேசான எண்ணெய்கள் மெதுவாக வெளியேறி அது இறுக வாரங்கள் ஆகும். புதுச்சாலையில் ஒவ்வொரு கல்லையும் தார்ப்படலம் மூடியிருக்கும். வண்டிகள் ஓடி அந்தப் படலம் தேய்ந்து, கல்லின் சொரசொரப்பு வெளிப்பட்டால்தான் டயர் நன்றாகப் பிடிக்கும். கற்களுக்கு இடையிலுள்ள இடைவெளி மழைநீரை வடிக்கிறது. பந்தய டயரின் ரப்பர் சூடேறினால் பசைபோல் ஒட்டும். இறுகாத தாரில் அது கல்லையே பிடுங்கிவிடும். சாலை போடுவோர் எல்லோரும் அறிந்த இந்த விஷயத்தை ஒரு உலகப் பந்தயம் ஆறு ஆண்டுகளுக்குள் இருமுறை மறந்தது வருத்தமானது.

இனி மழை. உயர் ஃபாஞ்ஞ் பீடபூமியில்தான் பெல்ஜியத்தின் மிக உயர்ந்த இடம் இருக்கிறது, 694 மீட்டர். பெரிய உயரமில்லை. ஆனால் அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று, இடையில் தடுக்க மலை ஏதும் இல்லாத சமவெளிகளைத் தாண்டி வந்து முதலில் ஏறுவது இந்த மேட்டில்தான். ஏறும் காற்று குளிர்ந்து மழையாகிறது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர், ஏறக்குறைய எல்லா மாதங்களிலும். தடமும் நீளம், பள்ளத்தாக்கும் மேடுமாக இருப்பதால் ஒரு முனையில் மழை, மறுமுனையில் உலர்ந்த சாலை என்பது இங்கே வழக்கம். எந்த டயரைப் போட்டாலும் ஏதோ ஒரு பாதிக்கு அது தவறான டயர்.

ஃபார்முலா 1 மழை டயர் ஒன்று 300 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 85 லிட்டர் நீரை வாரி வெளியேற்றும் என்று தயாரிப்பாளர் பிரெல்லி சொல்கிறது. ஒரு காருக்கு நான்கு டயர். அந்த நீர் எங்கே போகும்? காருக்கு அடியிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்று அதைத் திவலையாக்கி மேலே தூக்குகிறது. இருபுறமும் உயர்ந்த மரங்கள். காற்று வந்து கலைக்காது. பின்னால் வரும் ஓட்டுநருக்கு முன்னே ஒரு வெள்ளைச் சுவர். நீரில் வழுக்குவதைத் திறமையால் ஓரளவு சமாளிக்கலாம். பார்வையில்லாமையை எந்தத் திறமையாலும் சமாளிக்க முடியாது. 1998-ல் முதல் வளைவைத் தாண்டியதுமே 13 கார்கள் ஒன்றோடொன்று மோதிய காட்சியும், முன்னே மெதுவாகப் போன டேவிட் கூல்ட்ஹார்டின் கார் தெரியாமல் முதலிடத்தில் இருந்த மைக்கேல் ஷூமாக்கர் அதன் பின்னால் மோதிய காட்சியும் இதற்குச் சாட்சி.

2021-ல் நாள் முழுக்க மழை. மூன்று மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து, பாதுகாப்பு காரின் பின்னால் ஊர்வலம்போல் சில சுற்றுகள் போய், பந்தயம் முடிந்ததாக அறிவித்தார்கள். முடிவு ஒரே சுற்றை வைத்து எடுக்கப்பட்டது. மேக்ஸ் வெர்ஸ்டாப்பனுக்குப் பாதிப் புள்ளிகளோடு வெற்றி. நனைந்து நின்ற ரசிகர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு. ஓடாத பந்தயத்துக்குப் புள்ளி கொடுத்தது தவறு என்றே நானும் நினைக்கிறேன். ஓட்ட அனுமதிக்காதது மட்டும் மிகச் சரி.

ஏனென்றால் அதற்கு இரண்டு ஆண்டு முன்புதான், 2019 ஆகஸ்ட் 31 அன்று, ஃபார்முலா 2 பந்தயத்தில், ரைடியோனின் உச்சியில் 22 வயது அந்துவான் ஊபேர் இறந்திருந்தார். தடத்துக்கு வெளியே அகலமாகத் தார் போட்டிருந்தார்கள். கார் விலகினாலும் பிரேக் பிடித்து நிறுத்தலாம் என்பது அந்த ஏற்பாட்டின் எண்ணம். ஆனால் தடுப்பில் மோதிய கார், தடத்தை நோக்கியே திரும்பி வந்தது. மேட்டுக்கு அப்பாலிருந்து வந்த ஹுவான் மானுவல் கொரேயாவின் கார் அதன் மேல் மோதியது. 2022-ல் சுமார் 8 கோடி யூரோ செலவில் தடத்தைச் சீரமைத்தபோது ரைடியோன் உச்சியில் தடுப்புச் சுவர்களைப் பின்னுக்குத் தள்ளினார்கள். பல வளைவுகளில் பழையபடி கூழாங்கல் படுகைகள் வந்தன. படுகையில் சக்கரம் புதையும்போது காரின் ஆற்றல் கற்களை வாரி இறைப்பதில் செலவாகிறது. கார் தடத்துக்குத் திரும்பாமல் நின்றுவிடுகிறது.

சுவரை எவ்வளவு தள்ளினாலும் மழைச்சுவர் தள்ளிப் போகாது. 2023 ஜூலை 1 அன்று ஓர் இளையோர் பந்தயத்தில், ரைடியோனைத் தாண்டிய நேர்ச்சாலையில், கொட்டும் மழையில், 18 வயது டிலானோ வான் ட ஹாஃப் இறந்தார். நீர்த்திவலையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

2025 ஜூலையில் மழையால் பெல்ஜியம் கிராண்ட் பிரீயின் தொடக்கத்தை ஒரு மணி இருபது நிமிடம் தள்ளிவைத்தார்கள். அளவுக்கு மீறிய எச்சரிக்கை என்று சில ஓட்டுநர்களே குறைசொன்னார்கள். இங்கே இறந்தவர்களின் பட்டியலைப் படித்த எவருக்கும் அது அளவுக்கு மீறியதாகத் தோன்றாது.

ஸ்பாவின் இப்போதைய ஒப்பந்தம் 2031 வரை. நடுவில் 2028-லும் 2030-லும் அங்கே ஃபார்முலா 1 கிடையாது. வெட்டி விடப்பட்ட பழைய பகுதி இன்றும் பொதுச்சாலைதான். மாஸ்தா வீடுகளின் நடுவே யார் வேண்டுமானாலும் வேக வரம்புக்குள் ஓட்டிப் போகலாம். பந்தயத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மழைக்காகச் சிவப்புக் கொடி காட்டிக் கார்களை நிறுத்தினால் சலித்துக்கொள்ளாதீர்கள். காத்திருங்கள்.